நாவலுக்குள் மறைந்த மனிதர்: ஜோசையா ஹென்சன்

ஹேரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் எழுதிய 'டாம் மாமாவின் குடிசை' 1851 ஜூன் முதல் 'நேஷனல் இரா' என்னும் வாஷிங்டன் இதழில் தொடராக வந்து, 1852 மார்ச்சில் நூலாயிற்று. முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மூன்று இலட்சம் படிகள் விற்றன. அடிமை முறையின் கொடுமையை அறியாதவரையும், அறிந்தும் அறியாதவர்போல் இருந்தவரையும் அந்நாவல் ஒருங்கே உலுக்கியது. ஆயினும் அடுத்த நூற்றாண்டில் அதன் நாயகன் பெயர் ஓர் ஏச்சுச் சொல்லாகிவிட்டது. வெள்ளையர்முன் முதுகு வளைக்கும் கறுப்பினத்தவனை 'டாம் மாமா' என்று இகழ்வது அந்நாட்டு வழக்கு. அந்தப் பெயர் வாழ்நாளிலேயே ஒட்டிக்கொண்ட ஒரு மனிதர் உண்டு. அவர் டாம் அல்லர், ஜோசையா ஹென்சன். நாவலின் டாம் எசமானனின் பண்ணையில் அடிபட்டு மாண்டான். ஹென்சனோ மனைவி மக்களோடு தப்பிச் சென்றார். ஆனால் நாற்பது வயது கடந்த பின்னரே தப்பினார் என்பதும், அந்தத் தாமதத்திற்குப் பிறரும் விலை கொடுத்தனர் என்பதும் அவர் வரலாற்றின் சாரம்.

1789 ஜூன் 15ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்துச் சார்லஸ் கவுண்டியில் பிறந்ததாக அவர் தம் வரலாற்றில் குறித்துள்ளார். தந்தையைப்பற்றி அவருக்கு எஞ்சிய நினைவு ஒன்றே: குருதி வழியும் முதுகு, அறுபட்ட வலக்காது. தாயிடம் முறைகேடாக நடந்த வெள்ளைக் கங்காணியைத் தந்தை அடித்துவிட்டார். வெள்ளையன்மேல் கைவைத்த குற்றத்திற்கு 100 கசையடி. அதன்மேல் காதைக் கம்பத்தில் ஆணியால் அறைந்து அறுத்தெடுத்தனர். பாஞ்சோ வாசித்துப் பண்ணையையே களிப்பூட்டிய அம்மனிதர் அன்றுமுதல் பேச்சை மறந்தார். பின்னர் அலபாமாவுக்கு விற்கப்பட்டார். அவர் என்ன ஆனார் என்பதைக் குடும்பத்தார் அறியவே இல்லை.

சில ஆண்டுகளில் உடையவர் குடிபோதையில் குதிரையிலிருந்து ஓடையில் விழுந்து இறக்க, சொத்து ஏலத்திற்கு வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏலம் போயினர். தாயை ஐசக் ரைலி என்பவர் வாங்கினார். கடைசிப் பிள்ளையையாவது தன்னோடு வாங்கிக்கொள்ளும்படி அவர் காலைப் பிடித்துக் கதறிய தாயை அவர் உதைத்துத் தள்ளினார். வேறொருவரிடம் போன சிறுவன் நோயுற்று, உழைப்புக்கு ஆகான் என்று தெரிந்தபின் மலிவாக ரைலியிடமே வந்து சேர்ந்தான். இரக்கத்தால் அன்று, விலை குறைந்ததால் தாயும் மகனும் ஒன்றுகூடினர்.

வளர்ந்த ஹென்சன் பண்ணையில் எல்லாரினும் வலியவர், எல்லாரினும் நம்பத்தக்கவர் என்ற பெயரை ஈட்டினார். விளைச்சலைத் தாமே சந்தைக்குக் கொண்டுசென்று விற்றுக் காசு குறையாமல் ஒப்படைத்தார். மதுக்கடைச் சண்டையில் சிக்கிய எசமானரை ஒருமுறை இவர் இழுத்துக் காப்பாற்றினார். அதற்குப் பழிவாங்கப் பக்கத்துப் பண்ணைக் கங்காணி ஒருவன் இவரை வழிமறித்து வேலிக்கட்டையால் அடித்துக் கையையும் தோள்பட்டை எலும்புகளையும் முறித்தான். அதன்பின் இறுதிவரை அவரால் கைகளைத் தலைக்குமேல் உயர்த்த இயலவில்லை. கறுப்பினத்தவர் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல இயலாத மாநிலத்தில் அந்த வழக்கு எங்ஙனம் முடிந்திருக்கும் என்பதைக் கூறவேண்டுவதில்லை.

1825ஆம் ஆண்டு வந்தது. கடனில் மூழ்கிய ரைலி, தம் அடிமைகள் பறிமுதல் ஆகாமலிருக்க, அவர்களைக் கென்டக்கியில் இருந்த தம் உடன்பிறந்தாரின் பண்ணைக்கு அனுப்பத் துணிந்தார். அவர்களை அழைத்துச்செல்ல அவர் தேர்ந்த ஆள் ஹென்சன். கண்ணீரோடு வேண்டிய எசமானருக்கு ஹென்சன் வாக்குக் கொடுத்தார். தம் மனைவி சார்லட்டும் இரு குழந்தைகளும் தவிர, 18 பேர். காவலுக்கு ஒரு வெள்ளையரும் இல்லை. ஒஹாயோ ஆற்றில் படகில் சென்றபோது சின்சினாட்டி நகரில் நின்றனர். ஆற்றின் அந்தக் கரையில் 1787ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அடிமை முறை இல்லை. கரையில் திரண்ட சுதந்திரக் கறுப்பின மக்கள், இறங்கி நில்லுங்கள், இனி நீங்கள் யார்க்கும் உடைமை அல்லீர் என்று வற்புறுத்தினர். உடன்வந்தோரின் உள்ளம் அசைந்தது. ஹென்சன் படகைத் தள்ளிவிடச் சொன்னார். 18 பேரையும் ஒருவர் குறையாமல் கென்டக்கியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அன்று அவர் அதைத் தம் நேர்மையின் வெற்றியாகவே கருதினார். ஓடிப்போவது திருட்டு என்றும், விடுதலையை விலைகொடுத்தே வாங்கவேண்டும் என்றும் அவர் நம்பியிருந்தார். அடிமை முறை சாட்டையால் மட்டும் நிலைத்ததன்று. வாக்குத் தவறாமை, நன்றி, கடமை ஆகிய நற்குணங்களையே விலங்காக மாட்டிவிடும் திறமும் அதற்கு இருந்தது. மூன்றாண்டு கழிந்து 1828இல், ஹென்சன் குடும்பம் ஒன்றை நீக்கி ஏனையோரை விற்றுவிடும்படி மேரிலாந்திலிருந்து கட்டளை வந்தது. தாம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் கணவன், மனைவி, பிள்ளை எனப் பிரிந்து விலைபோவதை அவர் நின்று பார்த்தார். அந்த நாளுக்குப்பின் அவருக்குத் தம்மைப்பற்றிய பெருமிதம் திரும்பவில்லை. தம் நூலில் பிறர் செய்த கொடுமைகளை அடுக்கிய கையோடு, தாம் செய்த இதனையும் மறையாமல் வைத்திருக்கிறார். தன்வரலாறு எழுதுவோருள் இதற்கு மனம் வரும் ஒருசிலரே உளர்.

அதே ஆண்டில் மெதடிஸ்ட் திருச்சபை அவரைப் போதகராக ஏற்றது. ஊர்தோறும் போதித்துத் திரட்டிய பணத்தாலும் குதிரையை விற்ற காசாலும் விடுதலை வாங்க அவர் மேரிலாந்து சென்றார். பேசிய விலை 450 டாலர். 350 ரொக்கம், மீதி 100க்குக் கடன்சீட்டு. 1829 மார்ச்சில் விடுதலைப் பத்திரமும் கையில் வந்தது. ஆனால் அதை உறையிலிட்டு முத்திரையிட்டுக் கென்டக்கிக்குக் கொண்டுபோகும்படி ரைலி தந்திரமாகக் கூறினார். அங்குப் போனபின்னரே விலை 1000 டாலர் என்று ஆகியிருப்பது தெரிந்தது. இன்னும் 650 பாக்கி. எழுத்தறியாதவரிடம் எழுத்தைக் கொண்டே ஏமாற்றினர்.

அடுத்த ஆண்டு எசமானரின் உறவினனான இளைஞனோடு தட்டைப்படகில் நியூ ஆர்லியன்சுக்கு அனுப்பப்பட்டார். விற்பதற்கே கொண்டுபோகிறார்கள் என்பது வழியில் விளங்கிவிட்டது. ஒருநாள் இரவு மழை. மற்றவர் யாவரும் உறங்கினர். ஹென்சன் கோடரியை எடுத்துக்கொண்டு அறைக்குள் இறங்கினார். முதலில் உறங்கும் இளைஞன், பின் மற்றவர்கள், பின் தப்பி ஓட்டம். ஓங்கும் கணத்தில், தாம் செய்யவிருப்பது கொலை என்ற எண்ணம் குறுக்கிட்டது. கோடரியைத் தாழ்த்தினார். பின்னர் அவரை வாங்க வந்தவர்களோடு பேரம் நடந்துகொண்டிருக்கையில் அந்த இளைஞன் கடுங்காய்ச்சலில் வீழ, அவனைப் பேணி உயிரோடு வீடு சேர்த்தவரும் ஹென்சனே. வீட்டார் சொன்ன நன்றி சில நாளில் ஆறிப்போயிற்று. தம்மை மீண்டும் விற்பர் என்பதில் அவருக்கு ஐயமில்லை. இம்முறை வாக்கு எதுவும் அவரைக் கட்டவில்லை.

1830 செப்டம்பரில் சார்லட்டோடும் நான்கு பிள்ளைகளோடும் இரவில் ஒஹாயோ ஆற்றைக் கடந்தார். நடக்கமாட்டாத இரு சிறு குழந்தைகளைச் சுமக்க மனைவி ஒரு பை தைத்திருந்தார். முறிந்து கூடிய அந்தத் தோள்களில் பையின் வார் பட்டுத் தோல் உரிந்தது. பகலில் காட்டில் ஒளிந்து, இரவில் நடந்து, முன்பு தாம் இறங்க மறுத்த அதே சின்சினாட்டியில் அவர்கள் அடைக்கலம் புகுந்தனர். அப்பால் உணவின்றித் தளர்ந்த இடத்தில் செவ்விந்திய மக்கள் உணவளித்தனர். ஏரியில் ஒரு கப்பல் தலைவர் அவர்களைப் பஃபலோ வரை ஏற்றிச்சென்றார். அக்டோபர் 28ஆம் நாள் கனடா மண்ணில் கால்வைத்ததும் ஹென்சன் மணலில் விழுந்து புரண்டு முத்தமிட்டார். கண்டவர் பித்தர் என்று எண்ணினர்.

அவர் வீட்டில் டாம் என்ற பெயருடையவர் ஒருவர் உண்மையிலேயே இருந்தார். அது அவருடைய மூத்த மகன். பள்ளிக்குச் சென்ற அச்சிறுவனே தந்தைக்கு எழுத்தறிவித்தவன். பன்மடங்கு துணிந்த செயல் ஒன்றையும் ஹென்சன் செய்தார்: தெற்கே மீண்டும் சென்று பிறரை அழைத்துவந்தார். அவர் கணக்கில் அவர்கள் 118 பேர். அந்தப் 18 பேரை எண்ணியே அவர் திரும்பித் திரும்பிச் சென்றார் என்று கருத இடமுண்டு. 1841இல் டிரெஸ்டன் அருகே நிலம் வாங்கி, நண்பர்களோடு டான் குடியிருப்பையும் தொழிற்கல்விப் பள்ளி ஒன்றையும் தோற்றுவித்தார். அங்கு அறுத்த வால்நட் பலகைகள் 1851 இலண்டன் பெருங்கண்காட்சியில் பதக்கம் பெற்றன. கடனாலும் உட்பூசலாலும் பள்ளி நலிந்து 1868இல் மூடப்பட்டது. அதில் அவர் பங்குப் பிழையும் இல்லாமலில்லை.

அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய தன்வரலாறு 1849இல் பாஸ்டனில் வெளிவந்தது. மறு ஆண்டு, ஓடிய அடிமைகளை வடமாநிலத்தாரும் பிடித்துத் தரவேண்டும் என்ற சட்டம் பிறந்தது. அந்தச் சினத்திலேயே ஸ்டோ அம்மையார் எழுதத் தொடங்கினார். கதை பொய் என்று தெற்கத்தியர் தூற்றவே, 1853இல் சான்றுகளைத் தொகுத்து வெளியிட்ட நூலில் டாமின் வாழ்வுக்கு இணையானதாக ஹென்சன் வரலாற்றையும் காட்டினார். 1858இல் அவர் முன்னுரையோடு அது விரிந்த பதிப்பாயிற்று. விற்ற பணத்தில் ஹென்சன் தம் அண்ணனின் விடுதலையை வாங்கினார். பலமுறை அழைத்தும் ஓட மனம் துணியாத அண்ணன் அவர். தம்பி ஒருகாலத்தில் எப்படி இருந்தாரோ அப்படி.

அந்நூலோடு டாம் என்ற பெயரும் வந்தது. முதுமையில் கடன் தீர்க்க அவர் பிரிட்டனில் சுற்றியபோது கூட்டம் திரண்டது டாம் மாமாவைக் காணவே. 1877 மார்ச்சில் விக்டோரியா அரசியாரும் வின்சர் கோட்டையில் அவரை வரவேற்றார். பெயரால் வந்த பயனை அவர் மறுக்கவில்லை. ஆயினும் அதே ஆண்டு ஒரு மேடையில், தம் பெயர் டாம் அன்று, என்றும் டாமாக இருந்ததில்லை, ஜோசையா ஹென்சன் என்றே செய்தித்தாள்கள் எழுதவேண்டும் என்று சற்றுக் கடிந்தே கூறினார்.

1883 மே 5ஆம் நாள், 93ஆம் வயதில், டிரெஸ்டனில் அவர் மறைந்தார். அதற்குள் ஊர் ஊராக நடந்த நாடகக் குழுக்கள் நாவலின் டாமைத் தள்ளாடும் கிழவனாக, சிரித்துப் பணியும் வேலையாளாக மாற்றிவிட்டிருந்தன. ஸ்டோ படைத்த டாம், தப்பிய இரு பெண்கள் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்க மறுத்ததற்காகச் செத்தவன். இகழ்வோரில் நூலைப் படித்தவர் குறைவு. ஹென்சனை அறிந்தவர் அதனினும் குறைவு.

ரைலியின் மேரிலாந்து வீட்டை ஒட்டிய மரக்கட்டைச் சமையலறையை டாம் மாமாவின் குடிசை என்றே நம்பி, அரசு 2006இல் விலைகொடுத்து வாங்கியது. மரங்களின் வயதை ஆராய்ந்தபோது அது 1850ஐ ஒட்டிக் கட்டப்பட்டது என்று தெரிந்தது. அவர் அதில் வாழ்ந்திருக்க வழியில்லை. 2021இல் அவ்விடம் அவர் பெயரிலேயே அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. டிரெஸ்டனில் அவர் வாழ்ந்த வீட்டு வளாகம் நெடுங்காலம் டாம் மாமாவின் குடிசை என்ற பலகையோடு நின்றது. 2022இல் அப்பெயரை நீக்கி, ஜோசையா ஹென்சன் என்று எழுதினர்.