நாய்க்குட்டியை அடித்த சிறுவன்

இங்கிலாந்து நாட்டில் ஷ்ரூஸ்பரி என்று ஓர் ஊர். அந்த ஊரில் பெயர் பெற்ற டாக்டர் ஒருவர் இருந்தார். அவருடைய மகன் ஒரு நாள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாய்க்குட்டியை அடித்துவிட்டான்.

குட்டி ஒரு தவறும் செய்யவில்லை. தன்னைவிட எளிய உயிரை அடக்குவதில் ஓர் இன்பம். அதற்காகவே அடித்தான். அடி பலமானதல்ல. குட்டி கத்தக்கூட இல்லை. ஆனால், அந்த அடி பையனின் மனத்தில் விழுந்துவிட்டது.

யார் அந்தச் சிறுவன்? அவர்தான் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி சார்லஸ் டார்வின். 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி பிறந்தவர். நாய்க்குட்டியை அடித்தபோது அவருக்கு வயது சுமார் 8. தம் 67-வது வயதில் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதில் இந்தக் குற்றத்தை மறைக்காமல் சொன்னார். எந்த இடத்தில் அடித்தோம் என்பதுகூட அவருக்கு அப்போதும் நினைவில் இருந்தது.

உப்பு நீரில் புழு

சிறு வயதில் டார்வினுக்குத் தூண்டில் போடுவதில் ஆசை அதிகம். மண்புழுவை உப்பு நீரில் போட்டால் அது இறந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். அன்று முதல் டார்வின் உயிருள்ள புழுவைத் தூண்டில் முள்ளில் குத்தவில்லை. இதனால் மீன் குறைவாகக் கிடைத்திருக்கலாம். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பறவைக் கூட்டில் முட்டை எடுத்தாலும் ஒரே ஒரு முட்டைதான் எடுப்பார்.

நாய்கள் அவரிடம் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். பிறர் வளர்க்கும் நாய்கள்கூடச் சொந்த எஜமானரை விட்டு இவர் பின்னால் போகும். நாயும், வேட்டையும், எலி பிடிப்பதுமாகவே பொழுதைக் கழித்தால் குடும்பத்துக்கே அவமானம் என்று தந்தை ஒரு முறை கண்டித்தார்.

வாலிப வயதில் அவருக்கு வேட்டைப் பைத்தியம் இருந்தது. ஒரு நாள் ஒரு பறவை கண்ணில் பட்டது. முதல் நாள் குண்டடி பட்டு, இரவு முழுவதும் சாகாமல் துடித்துக் கிடந்த பறவை அது. டார்வினின் நெஞ்சு பதறியது. வேட்டை ஆசை பின்னர் அவரை விட்டே நீங்கியது.

ஐந்து ஆண்டு கழித்து...

1831-ம் ஆண்டு இறுதியில் டார்வின் பீகிள் என்ற கப்பலில் ஏறி உலகைச் சுற்றப் புறப்பட்டார். 1836-ல் திரும்பினார். வீட்டில் அவருடைய நாய் ஒன்று இருந்தது. அயலாரைக் கண்டால் சீறும் முரட்டு நாய். அது தம்மை மறந்திருக்குமோ என்று சோதிக்க விரும்பினார். லாயத்தின் அருகே போய், பழைய முறையில் குரல் கொடுத்தார். நாய் துள்ளவில்லை, குதிக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்புதான் பிரிந்ததுபோல, பேசாமல் அவர் பின்னே நடந்தது! அவர்கள் பிரிந்து ஐந்து ஆண்டும் இரண்டு நாளும் ஆகியிருந்தன.

1838-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஜென்னி என்ற உராங்குட்டான் குரங்கைப் பார்த்தார். காவலர் ஓர் ஆப்பிளைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் இருந்தார். ஜென்னி மல்லாந்து விழுந்து, காலை உதைத்து அழுதது. அழுகையை நிறுத்தினால் தருவதாகக் காவலர் சொன்னதும் அடங்கியது; ஆப்பிளைப் பெற்றுக்கொண்டது. அடம் பிடிக்கும் குழந்தைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை என்று டார்வின் சிந்தித்தார்.

புறாக் கூண்டு

1842-ல் டார்வின் டவுன் என்ற கிராமத்தில் குடியேறினார். 1855-ல் அங்கே புறா வளர்க்கத் தொடங்கினார். விசிறி போன்ற வால் உடைய புறா, கழுத்தை ஊதிப் பெருக்கும் புறா என்று பல வகை. இவை எல்லாம் மாடப்புறா என்ற ஒரே இனத்திலிருந்து வந்தவை, மனிதன் பொறுக்கி எடுத்து வளர்த்ததால் இப்படி மாறின என்று அவர் கண்டார். 1859-ல் வெளிவந்த அவருடைய புகழ் பெற்ற நூலுக்கு இந்தப் புறாக்கள் பெரிதும் உதவின.

ஆனால், எலும்புகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சில புறாக்களைக் கொல்ல வேண்டியிருந்தது. பிறந்து பத்தே நாளான அழகிய குஞ்சு ஒன்றைக் கொன்றபோது, கொலை செய்துவிட்டதாக உறவினருக்கு எழுதி வருந்தினார். ஆராய்ச்சியை அவரால் விட முடியவில்லை. அந்த வேதனையையும் விட முடியவில்லை.

ஒருவன் குதிரையைத் துன்புறுத்துவதைக் கண்டு, அவனைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, முகம் வெளுத்து வீடு திரும்பியதும் உண்டு. 1863-ல் அவரும் மனைவி எம்மாவும் சேர்ந்து ஒரு வேண்டுகோள் வெளியிட்டார்கள். காட்டு விலங்குகளின் காலைக் கவ்விச் சித்திரவதை செய்யும் இரும்புப் பொறிகளை ஒழிக்க வேண்டும் என்பதே அது.

மகிழ்ச்சி, பயம், துக்கம் எல்லாம் மனிதனுக்கு மட்டும் சொந்தமல்ல என்று 1871, 1872-ம் ஆண்டுகளில் வந்த நூல்களில் எழுதினார். பாப் என்ற அவருடைய பெரிய நாயே அதற்குச் சாட்சி. உலாவப் போகிறோம் என்று அது குதூகலத்தோடு வரும். டார்வின் வழியில் திரும்பிச் செடிகளைப் பார்க்கக் கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்தால், அதன் தலையும் காதும் வாலும் தொங்கிவிடும். வீட்டார் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். டார்வின் அதை நூலில் எழுதினார்.

கடைசித் தோழி

முதுமையில் அவருக்குத் துணை பாலி என்ற சிறிய வெள்ளை நாய். அவர் எழுதும் அறையில், கணப்பின் அருகே ஒரு கூடையில் படுத்திருக்கும். அதன் மூக்கின் மேல் பிஸ்கோத்து வைத்து, சமர்த்தாக இருக்க வேண்டும் என்று உபதேசம் செய்வார். பிறகு அது பிஸ்கோத்தைத் தூக்கிப் போட்டுக் கவ்வும்.

1881-ல் அவருடைய கடைசி நூல் வந்தது. அது மண்புழுவைப் பற்றியது! தூண்டிலில் அவர் உயிரோடு குத்த மறுத்த அதே புழு, நிலத்தைப் பண்படுத்தும் உழவன் என்று எடுத்துக் காட்டினார்.

1882-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி டார்வின் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நாட்டின் பெருமக்கள் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சில நாட்களில் பாலியும் நோயுற்று மறைந்தது. டவுன் கிராமத்து வீட்டில், ஓர் ஆப்பிள் மரத்தடியில் அதைப் புதைத்தார்கள்.

ஒரு நாய்க்குட்டியை அடித்ததைச் சுமார் 60 ஆண்டு மறவாமல் வருந்தியவர் டார்வின். அந்த வருத்தமே அவரை எல்லா உயிருக்கும் உறவினர் ஆக்கியது.