எதிரியா, நம்மவரா? ரேடார் முன்னோடி வாட்சன்-வாட் எதிர்கொண்ட கேள்வி

வானில் விமானம் வருவதைக் கண்டறிவது ஒரு பணி. அது யாருடையது என அறிவது வேறொரு பணி. பிரிட்டனின் ரேடார் முன்னோடி சர் ராபர்ட் வாட்சன்-வாட் முதலாவதில் பெருவெற்றி பெற்றவர். இரண்டாவது அவரை விடாமல் துரத்தியது.

ஸ்காட்லாந்தின் பிரீகின் நகரில் 1892 ஏப்ரல் 13-ஆம் தேதி தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். டண்டீயில் பொறியியல் பயின்று, 1915-இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். மின்னல் எழுப்பும் ரேடியோ அலைகளைக் கொண்டு இடிமழையின் திசையை அறிந்து விமானிகளை எச்சரிக்க முயன்றார்.

எதிரி விமானங்களை அழிக்கவல்ல 'மரணக் கதிர்' சாத்தியமா என விமானத் துறை அமைச்சகம் 1935-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரிடம் வினவியது. அவரது உதவியாளர் ஆர்னால்ட் வில்கின்ஸ் கணக்கிட்டுப் பார்த்து, அது நடவாது என்றும், விமானத்தில் பட்டுத் தெறிக்கும் அலைகளை உணர இயலும் என்றும் கண்டார். புகழின் பெரும்பகுதி வாட்சன்-வாட்டையே சேர்ந்தது. வில்கின்ஸின் பங்கு உரிய அளவில் பேசப்படவில்லை.

அவ்வாண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி சோதனை நடந்தது. புதிய அலைபரப்பி எதுவும் கட்டப்படவில்லை. டேவென்ட்ரியில் இருந்த பிபிசி சிற்றலை ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளே பயன்பட்டன. சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், வயல்வெளியில் நிறுத்திய வண்டியில் அலைவாங்கி இருந்தது. ஹேஃபோர்ட் குண்டுவீச்சு விமானம் மேலே பறந்தபோது அதன் எதிரொலி திரையில் தெரிந்தது. அலையை அனுப்பும் இடமும் வாங்கும் இடமும் வேறுவேறாக அமையும் இம்முறையே இன்று பைஸ்டாட்டிக் ரேடார் எனப்படுகிறது.

இதன் தொடர்ச்சியாக 'செயின் ஹோம்' ரேடார் நிலையங்கள் பிரிட்டன் கடற்கரையில் எழுந்தன. ஆனால் திரையில் தெரிந்தது வெறும் துடிப்பு மட்டுமே. அதற்கு முகம் இல்லை. பிரிட்டன் போரில் இறங்கி மூன்று நாட்கள் கழித்து, 1939 செப்டம்பர் 6-ஆம் தேதி, தவறான எச்சரிக்கையால் கிளம்பிய பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தம் நாட்டின் இரு ஹரிக்கேன் விமானங்களையே சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி உயிரிழந்தார்.

இத்தகைய ஆபத்தை வாட்சன்-வாட் முன்பே உணர்ந்திருந்தார். நம் விமானங்களை அடையாளம் காட்டும் ஏற்பாடு தேவை என 1935 அறிக்கையிலேயே குறித்திருந்தார். அக்கருவிகள் பின்னர் பரவலாயின. எனினும் பதில் தராத விமானம் எதிரியாகவும் இருக்கலாம், கருவி பழுதான நம்மவராகவும் இருக்கலாம்.

இன்னொரு வேடிக்கையும் நேர்ந்தது. செயின் ஹோம் அலைகளையே கடன் வாங்கி விமானங்களைக் கண்காணிக்கும் 'கிளைன் ஹைடெல்பெர்க்' என்ற அமைப்பை ஜெர்மானியர் நிறுவினர். தானாக எந்த அலையையும் வெளியிடாததால் அதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது.

இன்றைய ஆய்வாளர்கள் தெறிக்கும் அலைகளிலிருந்து விமானத்தின் உருவத்தையே வரைந்து, சேமித்த உருவங்களோடு கணினியால் ஒப்பிட்டு வகையறிய முயல்கின்றனர். அனுப்பிய திசைக்கு அலை திரும்பாதவாறு வடிவமைத்த விமானத்தையும், வேறிடத்தில் உள்ள அலைவாங்கி உணர வாய்ப்புண்டு. ஆனால் பார்க்கும் கோணம் மாறினால் உருவமும் மாறுவதால் பணி எளிதன்று.

வாட்சன்-வாட் 1942-இல் சர் பட்டம் பெற்றார். போருக்குப் பின் கனடாவில் வாழ்ந்தபோது, வேகமாகக் கார் ஓட்டியதற்காக ரேடார் கருவியிடமே சிக்கி அபராதம் செலுத்தினார். 1973 டிசம்பர் 5-ஆம் தேதி, 81-ஆம் வயதில், ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் நகரில் காலமானார்.