முதல் தபால்தலைகளை அச்சிட்ட துய்லியர்

(பத்தாம் வகுப்பு மாணவியர் இருவர்)

நம் பள்ளிக் கண்காட்சியில் தபால்தலைப் பகுதியை ஏற்றுக்கொண்டவர்கள் நாங்கள் இருவர். எங்களில் ஒருத்தி விழுப்புரம், மற்றவள் திண்டிவனம். திண்டிவனத்துத் தாத்தாவின் ஆல்பத்தில் விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த நீல நிற அரையணாத் தபால்தலை ஒன்று உண்டு. அது 1854ஆம் ஆண்டுத் தபால்தலை என்று தாத்தா உறவினர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். கண்காட்சிக்கும் வருவதாக இருந்தார். அந்தத் தபால்தலையை அச்சிட்டவர் யார் என்று தேடப் போய்த்தான், தபால்தலை சேகரிப்போர் அனைவரும் அறிந்த ஹென்றி லேண்டர் துய்லியரைப் பற்றி நாங்கள் அறிந்தோம்.

துய்லியர் 1813ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் இங்கிலாந்தில் பாத் நகரில் பிறந்தார். அடிஸ்கோம்ப் இராணுவக் கல்லூரியில் பயின்று, 1832இல் வங்காளப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1836இல் நில அளவைத் துறைக்கு மாறினார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்வு அளவைச் சங்கிலியோடும் வரைபடங்களோடும் கழிந்தது.

அக்காலத்தில் தூரத்தைப் பொறுத்துத் தபால் கட்டணம் வாங்கினார்கள். இந்தியா முழுவதற்கும் தூரம் பாராத ஒரே கட்டணம் வைப்பது என்றும், அதற்குத் தபால்தலை வெளியிடுவது என்றும் அரசு முடிவு செய்தது. சிந்து மாகாணத்தில் 1852இலேயே தபால்தலை வந்துவிட்டது. ஆனால் அது அந்த மாகாணத்துக்கு மட்டும். கல்கத்தா நாணயச் சாலையில் கர்னல் போர்ப்ஸ் என்பவர் சிங்கமும் பனைமரமும் கொண்ட அழகான மாதிரி ஒன்றைச் செய்தார். ஆனால் அங்கிருந்த இயந்திரத்தைக் கொண்டு நாட்டுக்கு வேண்டிய அளவு அச்சிட முடியவில்லை. அப்போது, வரைபடங்களைக் கல்லச்சில் எடுத்துப் பழகிய தம் அலுவலகத்திலேயே தபால்தலையையும் அச்சிடத் துய்லியர் முன்வந்தார்.

தொடக்கத்திலேயே சோதனை வந்தது. முதலில் சிவப்பு நிறத்தில் அரையணாத் தபால்தலையை அச்சிட்டார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த மை தீர்ந்துபோயிற்று. இங்குக் கிடைத்த சிவப்பு மையோ கல்லையே கெடுத்தது. நாமாக இருந்தால் அழுதிருப்போம்! துய்லியர் நிறத்தை மாற்றினார். 1854 மே 5ஆம் நாள் நீல அரையணா அச்சாகத் தொடங்கியது. ஜூலையில் சிவப்பு ஒரணா. அக்டோபரில் நீலத் தலையும் சிவப்புச் சட்டமும் கொண்ட நாலணா. இரு நிறம் என்பதால் ஒவ்வொரு தாளையும் இருமுறை அச்சிட வேண்டும். அப்படிச் செய்ததில் சில தாள்களில் மகாராணியின் தலை தலைகீழாக விழுந்துவிட்டது. இன்று உலகிலேயே மிக அரிய தபால்தலைகளுள் அதுவும் ஒன்று. (நாங்கள் தலைகீழாய்ப் படம் ஒட்டினால் மதிப்பெண்தான் குறைகிறது.)

1854 அக்டோபர் 1 முதல், கால் தோலா எடையுள்ள கடிதம் அரை அணாவுக்கு இந்தியாவின் எந்த மூலைக்கும் போயிற்று. அடுத்த ஆண்டு முதல் இலண்டனில் டி லா ரூ நிறுவனம் அச்சிட்ட தபால்தலைகள் வரத் தொடங்கின. துய்லியர் அளவைத் துறையிலேயே உயர்ந்து, 1861 முதல் 1878 வரை இந்தியாவின் தலைமை நில அளவையாளராக இருந்தார். 1869இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1879இல் சர் பட்டம் பெற்றார்.

ஒன்றை மறைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. துய்லியரும் ஸ்மித் என்பவரும் 1851இல் வெளியிட்ட நில அளவை நூலின் கடினமான கணக்குப் பகுதிகளுக்கு உதவியவர் ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளி. எவரெஸ்ட் சிகரத்தின் உயரக் கணக்கிலும் பெரும்பங்கு அவருடையது. முதல் இரு பதிப்புகளில் அவருக்கு நன்றி கூறியிருந்தார்கள். 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த நன்றி காணாமற்போயிற்று. சிக்தார் 1870இலேயே இறந்துவிட்டதால் கேட்க அவரும் இல்லை. ஆங்கிலேயர் ஒருவரே பத்திரிகையில் இதைக் கண்டித்து எழுதினார். எவ்வளவு பெரியவர் செய்தாலும் இது தவறு என்றே எங்களுக்குப் படுகிறது.

துய்லியர் 1906 மே 6ஆம் நாள், தம் 92ஆம் வயதில், இங்கிலாந்தில் ரிச்மண்டில் காலமானார்.

இனி தாத்தாவின் தபால்தலைக்கு வருவோம். துய்லியரின் தபால்தலைகளில் பல் விளிம்பு கிடையாது. கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். தாத்தாவுடையதும் நான்கு புறமும் கத்தரித்தது. மேலும் அதில் கிழக்கிந்தியா என்று ஆங்கிலத்தில் இருந்தது. கம்பெனி ஆட்சி 1858இல் முடிந்ததால், இது அதற்கு முந்தையதுதான் என்று முடிவு கட்டி, 1854 என்று பெரிதாக அட்டையும் எழுதிவிட்டோம். தாளைப் பார்த்தீர்களா என்று சிஸ்டர் கேட்டார்.

துய்லியர் பயன்படுத்திய தாளில் கம்பெனியின் சின்னம் நீர்க்குறியாக உண்டு. ஒரு முழுத் தாளுக்கே ஒரு பெரிய சின்னம் என்பதால், தனித் தபால்தலையில் ஏதோ ஒரு கோடு விழுந்திருக்கும், அல்லது ஒன்றுமே இராது. டி லா ரூ தாள்கள் வேறு: 1855இல் வழவழப்பான நீலத் தாள், பிறகு நீர்க்குறியற்ற வெள்ளைத் தாள், 1865 முதல் ஒவ்வொரு தபால்தலைக்கும் ஒரு யானைத் தலை, 1882 முதல் நட்சத்திரம்.

கறுப்புத் தட்டில் தபால்தலையை முகம் கவிழ்த்து வைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டோம். துதிக்கையோடு ஒரு யானைத் தலை மெல்லத் தெரிந்தது. கிழக்கிந்தியா என்ற சொல் கம்பெனி போன பின்னும் 1882 வரை தபால்தலையில் இருந்ததாம். துய்லியருடையதில் வெறும் இந்தியா என்றுதான் இருக்குமாம். பல்லை யாரோ கத்தரித்திருக்கிறார்கள்.

தாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தோம். அட்டையை அப்படியே வைத்துவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு புதிய அட்டை எழுதினோம். கண்காட்சியன்று தாத்தா அதை இருமுறை படித்தார். ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் ஆல்பத்தைத் திறந்தபோது, 1854 என்ற பழைய எழுத்தை அடித்துவிட்டு, பென்சிலால் யானை என்று எழுதியிருந்தார்.