காந்தத்தை ஆய்ந்த கிருஷ்ணன்

இராமன் விளைவைப் பற்றிப் பேசுவோர், கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணனை இராமனின் துணைவராக மட்டுமே நினைப்பது வழக்கம். நானும் நெடுங்காலம் அவ்வாறே நினைத்திருந்தேன். பிராசீனக் கல்லூரியில் இலக்கணம் கற்பிக்கும் எனக்கு வேறுவிதமாக நினைக்கும் தேவை ஏற்படவில்லை. கடலடிச் சேற்றின் காந்தத் தன்மையைக் கொண்டு பண்டைக் காலநிலையை அறிவது எங்ஙனம் என்று மாணவன் ஒருவன் வினவ, விடை தெரியாது நூல்களைத் தேடியபோதுதான் அவருடைய மற்றொரு பெருமை எனக்குப் புலப்பட்டது.

கிருஷ்ணன் 1898 டிசெம்பர் 4ஆம் நாள் தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, கல்கத்தா சென்று இராமனோடு சேர்ந்தார். 1928 இல் புகழ்பெற்ற அக்கண்டுபிடிப்பில் பங்கேற்ற அதே ஆண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்திற்குப் போனார்.

அவர் தமக்கெனத் தனிவழி கண்டது டாக்காவிலேதான். பளிங்கு ஒன்றைக் காந்த முனைகளுக்கிடையே மெல்லிய குவாட்சு இழையிலே தொங்கவிட்டால், அது தனக்கு உகந்த அச்சைக் காந்தப்புலத்தின் வழியே நிறுத்திக்கொள்ளும். இழையின் மேற்றலையை மெல்ல முறுக்க முறுக்க, பளிங்கு சிறிது சிறிதாக விலகி, ஒரு நிலைக்குப்பின் சட்டெனப் புரளும். அம்முறுக்கின் அளவிலிருந்து, பளிங்கின் காந்தவேற்பு திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகின்றது என்று கிருஷ்ணனும் பானர்ஜியும் கணித்தனர். துணிப்பெட்டியில் இடும் நப்தலீனின் மூலக்கூறுகள் பளிங்கினுள்ளே எவ்வாறு சாய்ந்துள்ளன என்பதையும் இவ்வகை அளவைகள் காட்டின. ஓர் இழையும் ஒரு காந்தமும் கொண்டு இதனைச் செய்தார்கள் என்பதே எனக்கு வியப்பு.

கிருஷ்ணன் கடற்சேற்றை ஆராய்ந்தவரல்லர். ஆயினும் அவர் பளிங்கை நோக்கிக் கேட்ட கேள்வியையே பிற்காலத்தார் சேற்றை நோக்கியும் கேட்டனர். சுவீடன் நாட்டு இசிங் பனியுகத்து ஏரிக் களிமண்ணை அளந்து 1942 இல் வெளியிட்டார். பின்னர் கடலடியிலிருந்து குழாயால் எடுத்த சேற்றுத் தூண்களும் அளவைக்கு வந்தன. நிலத்திலிருந்து வரும் இரும்புத் துகள் மிகுந்த படை காந்தத்தை மிகுதியாக ஏற்கும். சிப்பிச் சுண்ணாம்பு மிகுந்த படை குறைவாக ஏற்கும். துகள்கள் கிடக்கும் திசை அன்றைய நீரோட்டத்தின் திசையைக் காட்டும். ஆனால் துகளை மழைவெள்ளமும் கொணரலாம், வறண்ட காலத்துப் பாலைக்காற்றும் கொணரலாம். சொல்லுக்கு இடம் நோக்கிப் பொருள் கொள்வதுபோல, இங்கும் இடம் நோக்கியே முடிவு கூறல் வேண்டும். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்குமுன் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது; பாக்கு நீரிணை அன்று நிலம். யாழ்ப்பாணத்தார்க்கு இது அயலார் கதையன்று.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1933 இல் மீண்டும் கல்கத்தா; 1940 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்புரிமை; 1942 இல் அலகாபாத்; 1946 இல் சேர் பட்டம்; அடுத்த ஆண்டு புதுதில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநர் பதவி. 1961 யூனில் மறையும்வரை அவர் அப்பதவியிலிருந்தார். இத்தனைக்கும் நடுவே தமிழில் அறிவியற் கட்டுரைகளும் எழுதினார் என்பதைப் பண்டிதர்கள் மறந்தது எங்கள் குறையே.

மறுநாள் கரும்பலகையில் இழையையும் பளிங்கையும் வரைந்து மாணவனுக்கு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டபின், காந்தவேற்பு என்பது என்ன தொகை என்று வினவினான். அப்பொழுதுதான் எனக்கு மூச்சு வந்தது.