கம்மந்தான் கான் சாகிபு

இலத்தூரிலிருந்து தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி மார்க்கமாக வடக்கே செல்வோர் வாசுதேவநல்லூரைக் கடந்தே தீரவேண்டும். அதற்குக் கிழக்கே நெற்கட்டுஞ்செவல் இருக்கிறது. அவ்விரு ஊர்களின் கோட்டைகளும் 1761-ல் கும்பினிப் பீரங்கிகளுக்கு வீழ்ந்தன என்பதை இச்சீமையில் அறியாதார் இல்லை. அப்பீரங்கிகளை நடத்திவந்த சேனைத்தலைவர் ஒரு தமிழர் என்பதையும், அவரே மூன்று வருஷங்களுக்குப் பின் கும்பினியோடு பொருது தூக்குமரம் ஏறினார் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் நம்மவர் கூசுகின்றனர். புலித்தேவரைப் போற்றுவோர் இவரைத் துரோகி என்பர். இவரைப் போற்றுவோர் புலித்தேவரைப் பற்றி மௌனம் சாதிப்பர். இரு திறத்தாரும் சரித்திரத்தில் பாதியை மறைக்கின்றனர் என்பதே நமது அபிப்பிராயம்.

இராமநாதபுரம் சீமைப் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மருதநாயகம் என்பது இயற்பெயர் என்பர். இளமையிலேயே வீட்டைத் துறந்து, இஸ்லாத்தைத் தழுவி, யூசுப் கான் என்ற பெயருடன் சிப்பாய் உத்தியோகத்தில் புகுந்தார். 1750-களில் ஆற்காட்டு நவாபு ஸ்தானத்துக்காக நடந்த யுத்தத்தில் கிளைவும் லாரன்ஸும் இவருடைய திறமையைக் கண்டனர். திருச்சிராப்பள்ளி முற்றுகையில் தானியம் வரும் வழிகளைக் காத்துச் சேனையைப் பிழைப்பித்தவர் இவரே. கும்பினியார் சுதேசிச் சிப்பாய்கள் அனைவருக்கும் இவரைக் கம்மந்தான் ஆக்கித் தங்கப் பதக்கமும் அளித்தனர். 1758 டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுக்காரரின் பின்புறத்தைத் தாக்கி அலைக்கழித்தவரும் இவரே. சென்னைக் கோட்டை அன்று தப்பியதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு.

1759-ல் மதுரையும் திருநெல்வேலியும் இவரிடம் குத்தகையாக ஒப்புவிக்கப்பட்டன. முன்னிருந்தோர் கொள்ளையடித்துப் பாழாக்கிய சீமை அது. இவர் குளங்களையும் கால்வாய்களையும் செப்பனிட்டார், வழிப்பறிக்காரரை அடக்கினார், நெசவுக்கு ஆதரவளித்தார், மீனாட்சியம்மன் கோயிலின் தர்மங்கள் நடைபெறச் செய்தார். வேறு மதம் புகுந்தவர் தம் முன்னோர் கோயிலைப் பேணியதை இக்காலத்துப் பிரசங்கிகள் சற்றே நினைத்துப் பார்க்கலாம். அதே கைதான் மேற்குப் பாளையங்களின் கோட்டைகளை ஒவ்வொன்றாகத் தகர்த்தது. புலித்தேவர் 1761-ல் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது.

சீமை செழித்தது, நவாபு முகம்மதலிக்கு மனம் பொறுக்கவில்லை. கும்பினிக்குப் பெருங்கடன் பட்டிருந்த நவாபு, கான் சாகிபு தம்முடைய வேலைக்காரரே, வரிப்பணம் தம் வழியாகவே செல்லவேண்டும் என்று வாதித்தார். கான் சாகிபை நியமித்ததோ கும்பினி. ஒரு குத்தகைக்காரர் எந்த எஜமானருக்குப் பொறுப்பாளி என்பது வக்கீல்கள் வருஷக்கணக்கில் வாதிக்கத்தக்க கேள்வி. சென்னைத் துரைமார் அதை ஒரே வரியில் தீர்த்தனர்: நவாபு சொல்வதே சரி. கடன்காரர் கெட்டுப்போனால் கடன் கொடுத்தவருக்குத்தானே நஷ்டம்!

நேரில் வரும்படி அழைத்தார்கள். போனால் திரும்பமுடியாது என்பதை உணர்ந்த கான் சாகிபு மறுத்தார். 1763-ல் மதுரையைத் தம்முடையதென்று கொண்டு, மார்ஷான் என்னும் பிரெஞ்சுக்காரரின் துணையுடன் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அவருக்கும் தெற்கத்திச் சீமைக்கும் இங்கேதான் விதி குறுக்கிட்டது. அவ்வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி பாரிஸ் நகரில் ஒரு சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் ஒரு ஷரத்தின்படி, முகம்மதலியே கர்நாடகத்தின் சட்டப்படியான நவாபு என்று இங்கிலாந்தும் பிரான்ஸும் ஒப்புக்கொண்டன. தமிழ் நாட்டுக்கு எஜமானர் யாரென்பதைத் தமிழ் நாட்டைக் கண்ணாலும் காணாத இரண்டு தேசத்தார் ஐரோப்பாவில் தீர்மானித்தனர். கான் சாகிபு ஏற்றிய கொடிக்குப் பின்னால் அப்பொழுது ஒரு ராஜ்யமும் நிற்கவில்லை.

உள்நாட்டிலாவது துணை உண்டா? திருவிதாங்கூரோடு அவர் ஏற்கெனவே போர் தொடுத்திருந்தார். இராமநாதபுரமும் சிவகங்கையும் நவாபின் பக்கம் படை அனுப்பின. துணைக்கு வந்திருக்கக்கூடிய மேற்குப் பாளையங்களை அவரே நொறுக்கிவிட்டிருந்தார். கும்பினிக்காக 1761-ல் இடித்த மதில்கள் 1764-ல் அவருக்கு வேண்டியிருந்தன.

அப்படியும் மதுரை எளிதில் விழவில்லை. 1763-ன் முற்றுகை முறிந்தது. மறு வருஷம் மேஜர் காம்ப்பெல் மீண்டும் முற்றுகையிட்டு, ஜூன் 26-ல் கோட்டையின்மேல் பாய்ந்தார். தாக்கியவர் பெருஞ்சேதத்துடன் பின்வாங்கினர்; மேஜர் பிரெஸ்டன் அதில் பட்ட காயத்தால் மாண்டார். பிறகு பட்டினியே ஆயுதமாயிற்று. வெளியிலிருந்த பீரங்கி சாதிக்காததை உள்ளிருந்தோர் சாதித்தனர். அக்டோபர் 13-ந் தேதி, தொழுகையிலிருந்தவரை அவருடைய திவான் சீனிவாசராவும் மார்ஷானும் அவர்களைச் சேர்ந்தோரும் பிடித்துக் கட்டிக் கும்பினியாரிடம் ஒப்புவித்தனர். கும்பினியார் நவாபிடம் ஒப்புவித்தனர். 15-ந் தேதி மதுரைக்கு மேற்கே அவரைத் தூக்கிலிட்டனர். பிடித்ததற்கும் தூக்கிலிட்டதற்கும் இடையே இரண்டே நாட்கள். லாரன்ஸின் சேனையைக் காத்தவருக்கு ஒரு நீதிபதியின் முன் வாய்திறக்கும் உரிமைகூடக் கிட்டவில்லை. உடலைத் துண்டித்துப் பல ஊர்களில் புதைத்தனர் என்பது ஜனங்களின் வழக்கு. சம்மட்டிபுரத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

அவரைத் தூக்கிலிடச் செய்த நவாபு முகம்மதலி, கடைசிவரை கும்பினியின் கடனாளியாகவே வாழ்ந்து 1795 அக்டோபர் 13-ந் தேதி இறந்தார். 1801-ல் கர்நாடக ராஜ்யம் முழுவதையும் கும்பினியார் எழுதி வாங்கிக்கொண்டனர். நவாபின் சந்ததியாருக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது.