கரை கட்டியவன் கழுத்தில் கயிறு!

கெங்குவார்பட்டியில் கூட்டம் முடித்துத் தேநீர்க்கடைப் பலகையில் தோழர்களோடு அமர்ந்திருந்தோம். பெரியகுளம் செல்லும் பேருந்து புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. அந்தப் பெரியகுளத்துக்கு ஒரு காலத்தில் வெட்டுண்ட மனிதக்கால் ஒன்று அனுப்பப்பட்டதாகச் சொல்கிறார்களே, அது யாருடைய கால் என்று கேட்டார் ஓர் இளைஞர். கான்சாகிப்பின் கால் என்றோம். அவருக்குச் சொன்ன கதையை எல்லாத் தோழர்களும் அறியட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

இராமநாதபுரம் சீமைப் பனையூரிலே எளிய குடியில் பிறந்தவன் மருதநாயகம். இசுலாத்தைத் தழுவி யூசுப்கான் ஆனான், சிப்பாய் ஆனான். அந்நாளில் ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கு உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. 1749இல் ஆம்பூர்ப் போர்க்களத்தில் நவாப் அன்வருதீன் மடிந்தார். அவர் மகன் முகமது அலிக்குப் பின்னே ஆங்கிலேயர். சந்தா சாகிபுக்குப் பின்னே பிரெஞ்சுக்காரர். பட்டம் ஒருவனுக்கு, வாணிபம் வேறொருவனுக்கு, சாவு மட்டும் நம் நாட்டுச் சிப்பாய்க்கு! சாய்ந்த பயிரும் உடைந்த கண்மாயும் உழவனுக்கு!

அந்தப் போரிலே யூசுப்கான் ஓங்கினான். முற்றுகையிடப்பட்ட திருச்சிக்கு எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவி உணவு வண்டிகளைக் கொண்டு சேர்த்தான். 1754இல் கம்பெனியின் சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியானான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, வெளியே நின்று அவன் படையை அலைக்கழித்தான்.

1759இல் மதுரையும் திருநெல்வேலியும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் குத்தகைக்கு அவன் கைக்கு வந்தன. போரால் பாழ்பட்ட பூமி அது. ஏரி குளங்களைச் செப்பனிட்டான்; கோட்டைகளைப் பழுது பார்த்தான். நெசவாளருக்கும் வணிகருக்கும் ஆதரவு தந்தான். இசுலாமியனான அவனே மீனாட்சி கோயிலின் பறிபோன நிலங்களை மீட்டுக் கொடுத்தான்.

ஆனால், தோழர்களே, மறுபக்கத்தையும் மறைக்க மாட்டோம். கம்பெனிக்காகப் பாளையக்காரர்களை நசுக்கியவனும் இவனே. 1761இல் பூலித்தேவனின் நெற்கட்டான்செவ்வலை வீழ்த்தியவன் இவன். கள்ளர் நாட்டிலே இவன் காட்டிய கடுமையும் சிறிதன்று.

நாடு தழைத்தது, நவாபின் நெஞ்சு எரிந்தது. மேலும் 4 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 7 லட்சம் தருகிறேன் என்றான் கான்சாகிப், மறுத்தார்கள். ஏன்? அவர்களுக்கு வேண்டியது வசூல் செய்யும் ஆள். அவனோ ஆள்பவனாக வளர்ந்துவிட்டான். நவாபின் ஏவலாளாக அடங்கி நட என்றது கம்பெனி. அடங்க மறுத்தான், எதிர்த்து எழுந்தான்.

1763இல் மதுரையை முற்றுகையிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் தாங்கியது கோட்டை. கம்பெனித் தளபதி பிரஸ்டன் சுவரேற முயன்று படுகாயமுற்று மாண்டான். ஆயினும் கான்சாகிப்புக்குத் துணைவர யார் இருந்தார்கள்? பாளையங்களை அவனே அடித்து நொறுக்கியிருந்தான். இராமநாதபுரமும் சிவகங்கையும் எதிரியின் பக்கம் நின்றன. உள்ளே உணவு தீர்ந்தது, துரோகம் தலைதூக்கியது. திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரன் மார்ச்சாண்டும் கூடிச் சதி செய்து அவனைக் கட்டிப் பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15 அன்று, மதுரைக்கு வெளியே அவனைத் தூக்கிலிட்டார் நவாப்.

செத்த பிறகும் அச்சம் தீரவில்லை போலும்! தலை திருச்சிக்கு, கைகள் பாளையங்கோட்டைக்கு, கால் பெரியகுளத்துக்கு என்று உடலைக் கூறுபோட்டதாக வழிவழியாகச் சொல்வார்கள். எஞ்சிய உடலைப் புதைத்த சம்மட்டிபுரத்தில், மதுரையிலிருந்து தேனி வரும் சாலையோரம், 1808இல் எழுந்த பள்ளிவாசல் நிற்கிறது.

அவ்வழியே போகும் தோழர்கள் ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். அவன் வீரத்திலே குறைவில்லை. நாட்டைச் சீர்படுத்திய திறத்திலும் குறைவில்லை. அந்நியன் கையில் வாளாக இருந்தவரை பாராட்டினார்கள். சொந்தக் காலில் நின்றதும் கயிற்றை எடுத்தார்கள். அந்தக் கயிற்றை அறுக்க வந்திருக்க வேண்டிய கைகளையோ, அவனே முன்னம் வெட்டிப் போட்டிருந்தான்!