தட்சணாமூர்த்தியின் தவில்: கற்றுத்தரும் பாடம்

ஈழத்து இசை வரலாற்றில் யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி என்ற பெயருக்குத் தனியிடம் உண்டு. லயஞான குபேர பூபதி எனப் போற்றப்பட்ட அந்தத் தவில் மேதை 1975 இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். அரை நூற்றாண்டு கடந்த நிலையில் அவரது வாழ்வை நாம் நினைவுகூர்வது வெறும் புகழ்பாடுவதற்காக அல்ல. அதில் வன்னிப் பெருநிலப்பரப்பு கவனிக்க வேண்டிய செய்தியொன்று இருக்கின்றது.

1933 இல் இணுவிலில், தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்தவர் அவர். தந்தையாரே முதற் குரு. பின்னர் தமிழகம் சென்று நாச்சியார்கோவில் இராகவப்பிள்ளையிடமும் பயின்றார். இவ்வாறு யாழ்ப்பாணத்து மரபும் தஞ்சை மரபும் அவரது கைகளில் ஒன்றாயின.

அவர் கையாண்ட கருவி எளிமையானது. பலாமரத்தைக் குடைந்து செய்த உடல், இருபுறமும் தோல், அதனை இழுத்துக் கட்டும் வார். வலந்தலையை, பசையில் தோய்த்துக் காயவைத்த துணிக் கூடுகள் அணிந்த விரல்களாலும், தொப்பி எனப்படும் இடப்புறத்தைப் பூவரசங் கழியாலும் வாசிப்பர். வலந்தலை இறுக்கமானது, ஒலி கூரியது. தொப்பி தளர்வானது, ஒலி ஆழமானது. ஈரக்காற்றில் தோல் தளர்ந்தால் சுருதி கெடும். இரும்பு வளையமும் திருகாணியும் வாரின் இடத்தைப் பிடித்துக்கொண்டமை பிற்கால மாற்றமாகும். பாரமான இக்கருவியைத் தோளில் மாட்டிச் சுவாமி வீதிவலம் வரும்போது நின்றும் நடந்தும் வாசிப்பதற்கு லயஞானத்துடன் உடல் வலிமையும் வேண்டும். இக்கருவியை நாதஸ்வரத்தின் துணை என்ற நிலையிலிருந்து உயர்த்தி, தனித்து ரசிக்கத்தக்கதாக ஆக்கிய பெருமை அவருக்குண்டு.

நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ஷேக் சின்ன மௌலானா போன்ற தமிழக நாதஸ்வர மேதைகளுடனும் அவரது தவில் ஒலித்தது. ஆந்திராவில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தவர் மௌலானா. இந்து ஆலயங்களில் அவரது நாதஸ்வரம் ஒலித்ததை எவரும் புதுமையாகக் கருதவில்லை. இசை வளர்த்த அந்த உறவு, தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் நமது மண்ணில் இன்று எண்ணிப் பார்க்கத்தக்கது.

மேற்குலகில் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் வாசித்த லட்விக் டிரம் தொகுதியொன்று 2015 இல் இருபது இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. நமது நிலை வேறு. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 2009 வரை மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த வன்னித் தமிழ் மக்களும் பெரும்பாலும் வெறுங்கையுடனேயே சென்றனர். உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருந்த வேளையில் தவிலையும் தாயிராவையும் யார் சுமப்பது?

ஆயினும் கருவி அழிந்தால் மீண்டும் செய்துகொள்ளலாம். குருவிடமிருந்து மாணவனுக்குச் செல்லும் கைப்பழக்கம் அறுந்துவிட்டால் அதனை எந்தப் பணத்தாலும் வாங்க இயலாது. தட்சணாமூர்த்தியின் வாசிப்பை ஒலிப்பதிவுகள் ஓரளவு காத்துத் தந்துள்ளன. அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றது. அவை மகிழ்ச்சிக்குரியனவே. ஆனால் ஒலிநாடாவைக் கேட்டு மட்டும் எந்தச் சிறுவனும் தவில் வித்துவானாகிவிட முடியாது.

வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலிலும், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் திருவிழாவிலும் மேளம் முழங்கத்தான் செய்யும். அதை வாசிக்கும் கைகள் எங்கிருந்து வரப்போகின்றன என்பதே கேள்வி. திருவிழா உபயகாரர் ஒரு நாள் வாணவேடிக்கைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை, வறிய மாணவனுக்கு ஒரு தவிலும் ஓர் ஆசிரியரும் கிடைப்பதற்கு ஒதுக்கினால் என்ன? தந்தை மகனின் கைபிடித்துக் கற்பித்ததால் ஈழம் ஒரு தட்சணாமூர்த்தியைப் பெற்றது. அந்த வாய்ப்பை வன்னிச் சிறுவர்களுக்கும் வழங்குவதே அம்மேதைக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.